பாரஸ்ட்: ஒரு சொல்லின் எல்லைக்கற்கள்

வாசலூர்பட்டியில், படகு இல்லத்துக்குச் சற்றுத் தள்ளியிருந்த ஒரு வீட்டின் முன் நின்று, பெரியவர் இருக்கிறாரா என்று விசாரித்தேன். "காட்டுக்குப் போயிருக்காருங்க, வர நேரமாவும்" என்றார் மருமகள். சமவெளியிலிருந்து போனவனின் அனிச்சையில் என் கண்கள் எதிரே மரம் அடர்ந்த சரிவுக்குப் போயின. அவர் அதைக் கவனித்துவிட்டார். "அங்க இல்லீங்கண்ணா, அது பாரஸ்ட்டு. அவரு காட்டுல இருக்காரு" என்று கீழ்ப்பக்கம் கைகாட்டினார். குச்சிக்கிழங்குச் செடிகளுக்கு நடுவே துண்டு கட்டிய ஒரு தலை குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தது.

அகராதியில் ஒன்றுக்கு மற்றொன்று நேர்ப்பொருள். வாசலூர்பட்டியில் ஒன்று மற்றொன்றின் எதிர்ப்பதம். சேலம், நாமக்கல் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் முதல் பாதி புதிதல்ல. மழையை நம்பிய மேட்டுநிலம் காடு. கிணறு வெட்டினால் அதுவே தோட்டம். நெல் விளைந்தால் வயல். கடலைக்காடு, பருத்திக்காடு, குச்சிக்காடு. 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறிக் கொல்லிமலைக்குள் நுழைகிறவனை எதிர்கொள்ளும் சந்தையூருக்கே சோளக்காடு என்றுதான் பெயர். எனக்குப் புதிதாக இருந்தது இரண்டாம் பாதி. அன்று மாலை திண்ணையில் உட்கார்ந்து கேட்டதில் காதில் விழுந்தவை இவை: "பாரஸ்ட்டு வந்து போச்சு." "பாரஸ்ட்டு கேட்டா என்ன பதில் சொல்றது?" "அதுக்கு பாரஸ்ட்டு ஒத்துக்காதுங்க." இடத்தைக் குறிக்கும் சொல் எழுவாயாகிவிட்டது. அது வருகிறது, கேட்கிறது, ஒத்துக்கொள்ள மறுக்கிறது. வாச்சர் நடந்து வந்தாலும் ரேஞ்சர் ஜீப்பில் வந்தாலும் வந்தது பாரஸ்ட்டுதான். வந்தவர் மனிதர், வினைமுற்றோ அஃறிணை. திணை மயக்கம் என்று இலக்கணக்காரர்கள் தள்ளிவிடலாம். எனக்கு அது மயக்கமாகப் படவில்லை.

இந்த வழக்கைக் கொச்சை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அந்த ஆங்கிலச் சொல் பிறந்தபோது என்ன பொருளைச் சுமந்திருந்ததோ அதை நம்முடைய படித்த மொழிபெயர்ப்புகளைவிட வாசலூர்பட்டி சரியாகப் பிடித்து வைத்திருக்கிறது என்பது என் துணிபு.

மரம் அடர்ந்த இடத்துக்கு ஆங்கிலத்தில் ஏற்கனவே 'வுட்' என்ற சொந்தச் சொல் இருந்தது. ஃபாரஸ்ட் 1066க்குப் பிறகு நார்மன் அரசர்களோடு வந்து இறங்கியது. அதற்கு முன் பிராங்கிய அரசர்களின் லத்தீன் சாசனங்களில் 'ஃபாரெஸ்டிஸ்' என்று புழங்கியது. 'வெளியே' என்று பொருள்படும் 'ஃபோரிஸ்' அதன் வேர் என்பது பலரும் கொள்ளும் முடிவு. நீதிமன்றத்தையும் குறிக்கும் 'ஃபோரம்' என்பதோடு முடிச்சுப் போடுகிறவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் வேரில் மரம் இல்லை. எதற்கு வெளியே? பொதுவான புழக்கத்துக்கும் பொதுவான சட்டத்துக்கும் வெளியே, அரசனுக்கென்று ஒதுக்கப்பட்டது. 'ஃபாரின்' என்கிற சொல்லும் இந்த 'வெளியே'யிலிருந்து வந்ததுதான். பாரின் சரக்கும் பாரஸ்ட் கார்டும் பங்காளிகள் என்றால் நம்மூரில் யாரும் ஆச்சரியப்படப் போவதில்லை.

1079 வாக்கில் முதலாம் வில்லியம் 'நியூ ஃபாரஸ்ட்'டை உண்டாக்கினான். புதுக்காடு என்று மொழிபெயர்த்தால் ஏதோ மரம் நட்டு வளர்த்தவன்போலத் தோற்றம் கொடுக்கும். அவன் செய்தது ஒரு நிலப்பரப்பின்மீது ஒரு சட்டத்தை விரித்தது. மரத்தோப்பு, புதர்வெளி, மேய்ச்சல் தரை, ஊர், உழவு நிலம் எல்லாம் அந்த விரிப்புக்கு அடியில் அகப்பட்டன. 12ஆம் நூற்றாண்டில் எசெக்ஸ் என்கிற கவுன்டி முழுவதுமே ஃபாரஸ்ட். அங்கே ஆட்கள் உழுதார்கள், விதைத்தார்கள், குடும்பம் நடத்தினார்கள். ஆனால் மானைத் தொடக்கூடாது. மான் தின்னும், மான் ஒளியும் பச்சையைத் தொடக்கூடாது. தன் சொந்த நிலத்தில் புதர் வெட்டித் திருத்தினாலும் குற்றம், அபராதம். மானைத் துரத்தாதபடிக்கு ஊர் நாய்களின் முன்னங்காலில் மூன்று நகங்களை வெட்டிவிட வேண்டும். இதற்கென்று தனி அதிகாரிகள், தனி நீதிமன்றங்கள். 1598இல் ஃபாரஸ்ட் சட்டங்களைப் பற்றி நூல் வெளியிட்ட வழக்கறிஞர் ஜான் மேன்வுட், பச்சையும் வேட்டை விலங்கும் மட்டும் போதாது, அதற்கான சட்டமும் அதிகாரிகளும் இருந்தால்தான் ஃபாரஸ்ட் என்று பிரித்துச் சொல்கிறார். அதாவது கார்டு இல்லாவிட்டால் பாரஸ்ட் இல்லை. வாசலூர்பட்டி மருமகளும் இதைத்தானே சொன்னார்.

1217இல் சிறுவனாயிருந்த மூன்றாம் ஹென்றியின் பெயரில் ஃபாரஸ்ட் சாசனம் வெளியானது. அரசனின் மானுக்காக இனி யாரும் உயிரையோ உறுப்பையோ இழக்க வேண்டியதில்லை என்றது. மேய்ச்சலுக்கும் விறகுக்கும் இருந்த பழைய வழக்கங்களை ஏற்றுக்கொண்டது. அதில் வரும் ஒரு வினைச்சொல்லைக் கவனிக்க வேண்டும்: 'டிஸ்அஃபாரஸ்ட்'. மரங்களை வெட்டு என்று பொருளல்ல. நிலத்தை அந்தச் சட்டத்திலிருந்து விடுவி என்று பொருள். ஒரு மரம்கூட விழாமல் ஒரு ஃபாரஸ்ட் அழிந்துபோக முடியும், அங்கிருந்த சனங்கள் அதற்காகச் சந்தோஷப்படவும் முடியும். அதேபோல 'அஃபாரஸ்ட்' என்பது நிலத்தைச் சட்டத்துக்குள் இழுப்பது. இன்று அஃபாரஸ்டேஷன் என்கிற சொல்லுக்கு நம் அரசுப் பலகைகள் 'காடு வளர்ப்பு' என்று எழுதுகின்றன. பழைய பொருளை நினைத்துக்கொண்டு அந்தப் பலகையின் கீழே நிற்பது ஒரு வினோத அனுபவம்.

ஸ்காட்லாந்தில் 'மான் ஃபாரஸ்ட்' என்று பெயர்கொண்ட மலைகளில் மொட்டைப் புல்லும் பாறையும்தான் கிடக்கின்றன. பெயரைப் பார்த்து மரம் தேடிப் போகிறவன் ஏமாறுவான். ஈ.பி. தாம்ப்சன் 1975இல் வெளியிட்ட 'விக்ஸ் அண்ட் ஹன்டர்ஸ்' நூல், 1723இன் கறுப்புச் சட்டத்துக்குப் பின்னால் வின்ட்சர் ஃபாரஸ்டில் வாழ்ந்தவர்களின் வழக்குரிமைகள் எப்படிக் குற்றங்களாக உருமாற்றப்பட்டன என்பதைத் தோண்டி எடுக்கிறது. சொற்களுக்கு வரலாறு எழுதிய ரேமண்ட் வில்லியம்ஸின் 'கீவேர்ட்ஸ்' பட்டியலில் 'இயற்கை' இருக்கிறது, 'நாட்டுப்புறம்' இருக்கிறது, ஃபாரஸ்ட் இல்லை. கொல்லிமலையிலிருந்து பார்க்கும்போது அது பெரிய குறை.

அடர்ந்த மரக்கூட்டம் என்கிற பொருள் இந்தச் சட்டப்பொருளின்மேல் மெல்லப் படர்ந்து அதை மூடியது. ஷெர்வுட் ஃபாரஸ்டில் ராபின் ஹூட் செய்த குற்றம் அரசனின் மானைக் கொன்றது. பள்ளிக்கூடத்தில் நாம் படித்ததோ பச்சை உடுத்தியவன் மரக்கிளையில் தொங்கும் படக்கதை. பழைய பொருள் இங்கிலாந்தில் இப்படி மங்கிக்கொண்டிருந்த சமயத்தில்தான் சொல் கப்பலேறி நம் பக்கம் வந்தது. வந்த இடத்தில் பழைய பொருளுக்கு மறுபடியும் உயிர் வந்துவிட்டது.

1856இல் கிளெக்ஹார்ன் சென்னை மாகாணத்தின் வனக் காப்பாளராகிறார். 1864இல் ஜெர்மானியரான பிராண்டிஸ் இந்தியா முழுமைக்கும் தலைமை ஏற்கிறார். தேதிகளைவிடச் சட்ட வாசகங்கள் நகர்ந்த விதம்தான் முக்கியம். 1865ஆம் ஆண்டின் சட்டம் மரமோ புதரோ மூடிய நிலத்தைப் பற்றிப் பேசியது. அதில் மரம் இருந்தது. 1878ஆம் ஆண்டின் சட்டம் வன நிலம் 'அல்லது தரிசு நிலம்' என்றது. 1882இல் சென்னை மாகாணத்துக்கென வந்த வனச் சட்டம், அரசின் கைவசம் உள்ள 'எந்த நிலத்தையும்' ரிசர்வ் ஃபாரஸ்ட் ஆக்கலாம் என்று சொல்லிவிட்டது. எந்த நிலத்தையும்! பதினேழு வருஷத்துக்குள் மரங்கள் வாக்கியத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்து, அதிகாரம் மட்டும் மிஞ்சியது. இந்தச் சட்டம் தமிழ்நாடு என்கிற பெயர்மாற்றத்தோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

இதற்கு எதிர்ப்பு இல்லாமலில்லை. 1871இல் சென்னை வருவாய் வாரியமே எழுதியது: இந்த மாகாணத்தில் ஏதாவது ஓர் ஊரின் எல்லைக்குள் அடங்காத காடு என்று ஒன்று அபூர்வம்; தேக்கு, சந்தனம், ஏலம் போன்றவற்றின்மேல் வசூலித்தது போக அரசு அங்கே உடைமை கொண்டாடியதாகத் தெரியவில்லை என்று. வெள்ளைக்கார அதிகாரிகளின் வாக்குமூலம் இது. ராமச்சந்திர குஹாவும் மாதவ் காட்கிலும் 1990களில் இந்தக் கதையை விரிவாக எழுதினார்கள். தமிழில் நாம் அதைச் சுற்றுச்சூழல் பிரச்சினையாக வாசித்தோமே ஒழிய மொழிப் பிரச்சினையாக வாசிக்கவில்லை.

'ரிசர்வ்' என்பதற்கு நம் அரசாணைத் தமிழ் கண்டெடுத்தது 'காப்பு'. ரிசர்வ் ஃபாரஸ்ட் காப்புக்காடு ஆயிற்று. நல்ல சொல்தான். அம்மன் திருவிழாவுக்குக் கட்டுவதும் காப்பு, குழந்தை கையில் போடுவதும் காப்பு, போலீஸ் மாட்டுவதும் காப்பு. எந்தக் காப்பு என்பது கையை நீட்டுகிறவன் யார் என்பதைப் பொறுத்தது.

இனித் தமிழ்ப் பக்கம். காடு என்பதற்கு மரக்கூட்டம் ஒரு பொருள் மட்டுமே. சுடுகாட்டில் மரம் வேண்டியதில்லை. வெள்ளக்காட்டில் தண்ணீர்தான் இருக்கிறது. சாக்காட்டில் எதுவுமே இல்லை. சங்கத் திணைமரபில் காடு முல்லைக்குரியது. ஆட்கள் ஆடுமாடு மேய்த்து, வரகு விதைத்து, காத்திருந்து வாழும் இடம் அது. யாருக்கும் வெளியே இருந்த இடமல்ல. ஆனால் நம் மரபையும் அப்பழுக்கற்றதாகக் காட்ட முடியாது. காட்டை அழித்து நாடாக்கியதற்காகக் கரிகாலனைப் பட்டினப்பாலை புகழ்கிறது. காடு, நாடு என்கிற இந்த எதிர்மறை சமவெளி அரசுகளின் கண்ணோட்டம். கொல்லிமலையில் அது செல்லுபடியாகாது. வளப்பூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு, தேவானூர் நாடு என்று இந்த மலைக்காரர்கள் தங்கள் பிரிவுகளை நாடு என்றே அழைத்துக்கொள்கிறார்கள். ஊராட்சிப் பெயர்களிலும் அது நிலைத்துவிட்டது. கீழேயிருந்து பார்க்கிறவனுக்குக் காடாகத் தெரிவது மேலேயிருப்பவனுக்கு நாடு. அந்த நாட்டுக்குள் அவன் உழுவது காடு.

ஆங்கிலம் நம்மிடமிருந்து கடன் வாங்கியபோதும் இதே குளறுபடி நேர்ந்தது. ஜாங்கலம் என்பது சமஸ்கிருத மருத்துவ நூல்களில் வறண்ட, திறந்த, ஆரோக்கியமான நிலம். பிரான்சிஸ் ஸிம்மர்மன் 1982இல் பிரெஞ்சில் எழுதிய நூல் முழுக்க இதைத்தான் பேசுகிறது. அது ஆங்கிலத்துக்குள் போய் 'ஜங்கிள்' ஆகி, ஈரமும் இருளும் காய்ச்சலும் நிறைந்த அடர்வனமாகத் தலைகீழாய்த் திரும்பி வந்தது.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் தேடிப் போனதற்கு ஒரு தப்பு காரணம். என் தப்பு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, அதன்கீழ் தனிநபர் உரிமை கோரும் படிவத்தை எளிய தமிழில் ஆக்கித்தரும்படி ஓர் அமைப்பு கேட்டது. அனுபவத்திலிருக்கும் 'ஃபாரஸ்ட் லேண்ட்' எவ்வளவு, அதில் குடியிருக்க எவ்வளவு, சாகுபடிக்கு எவ்வளவு என்று கேட்கும் படிவம் அது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அனுபவித்து வந்தால் நான்கு ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். வனம் என்பது வடசொல், அதிலும் துறைக்காரர்களின் சொல், சனங்களின் சொல்லல்ல என்று எனக்கு ஒரு வீறாப்பு. 'காட்டு நிலத்தின் பரப்பு' என்று எழுதினேன். நல்ல தமிழ் என்று பாராட்டும் கிடைத்தது.

படிவங்கள் மலைக்குப் போயின. காட்டு நிலம் எவ்வளவு என்று கேட்டால் கொல்லிமலைக்காரர் என்ன எழுதுவார்? தன் மானாவாரிப் பட்டா நிலத்தைத்தான் எழுதுவார். நிறையப் பேர் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் அப்பன் காலத்திலிருந்து சாமையும் தினையும் போட்டுவந்த துண்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. "அது காடு இல்லீங்களே, பாரஸ்ட்டுல இருக்கிறதுல்ல." உரிமை கோர வேண்டிய நிலம் விடுபட்டுப்போய், கோரவே தேவையில்லாத நிலம் படிவத்தில் ஏறியிருந்தது. சில மனுக்கள் 'பட்டா நிலம்' என்று குறிக்கப்பட்டுத் திரும்பின. மூலச் சட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் ஃபாரஸ்ட் லேண்ட் என்பதற்கு அது தரும் விளக்கம், வனப் பகுதிக்குள் விழும் 'எந்த வகையான நிலமும்' என்று தொடங்குகிறது. 1882இன் 'எந்த நிலமும்' உரிமை கொடுக்க வந்த சட்டத்துக்குள்ளும் நிற்கிறது. மரத்தைக் குறிக்காத ஒரு சொல்லுக்கு நான் மரவாசம் வீசும் தமிழைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தனித்தமிழின்மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. வேற்றுச் சொல்லுக்குத் தமிழ்ச்சொல் தந்ததும் அதை நம்முடையதாக்கிவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். இங்கே நேர்ந்தது வேறு. ஒரு சட்ட எல்லையை இயற்கைக் காட்சியாக்கினேன். அந்த எல்லையைப் போட்டவன் அதோடு கண்ணிலிருந்து மறைந்துவிட்டான்.

நீதிமன்றமும் இந்தச் சொல்லோடு மல்லாடியிருக்கிறது. கூடலூர் நிலங்கள் தொடர்பாக நிலம்பூரைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம், ஃபாரஸ்ட் என்பதை அகராதிப் பொருளில் கொள்ள வேண்டும், அரசு ஆவணத்தில் ஃபாரஸ்ட் என்று பதிவானதும் அதில் அடங்கும் என்றது. பல்லாயிரம் ஏக்கர் காடுகளை அந்த ஆணை காப்பாற்றியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அகராதிக்கும் ஆவணத்துக்கும் ஒரே சமயத்தில் கையெழுத்துப் போட்டதால் அந்தச் சொல் இரண்டு உடம்போடு நடக்க ஆரம்பித்தது. போதாததற்குச் செயற்கைக்கோள் வந்தது. இந்திய வன அளவை நிறுவனத்தின் கணக்கில் ஒரு ஹெக்டேருக்குக் குறையாமல், மரக்கவிகை 10 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் அது வனப்பரப்பு. யாருடையது, என்ன மரம் என்பது பொருட்டல்ல. ஆக வாசலூர்பட்டியில் மிளகுக்கொடி படரவிட்ட சில்வர் ஓக் தோப்பு வானத்திலிருந்து பார்த்தால் ஃபாரஸ்ட். சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். எல்லைக்கல்லுக்கு அப்பால் மொட்டையாய்க் கிடக்கும் பாறை ஆவணத்தில் ஃபாரஸ்ட். பெரியவரின் குச்சிக்காடு இரண்டிலும் சேராது.

2023இல் 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். அகராதிப் பொருளின் வீச்சைக் குறுக்குகிறது என்று எதிர்ப்பு எழ, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பழைய பொருளே இடைக்காலத்தில் தொடர வேண்டும் என்றது. அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்றுண்டு. திருத்தத்தோடு சட்டத்தின் பெயரிலிருந்தே ஃபாரஸ்ட் போய்விட்டது. இப்போது அது 'வன் சன்ரக்ஷன் ஏவம் சம்வர்தன் அதினியம்'. அதிகாரம் அப்படியே இருக்க, ஆங்கிலத்துக்குப் பதில் சமஸ்கிருதம் வந்து உட்கார்ந்திருக்கிறது. என் 'காட்டு நில'த்தைப் போலவே இதற்கும் மண்ணின் மொழி என்று பாராட்டு கிடைத்திருக்கும்.

பாரஸ்ட்டு வந்தது என்கிற வாக்கியத்தின் முழு எடையை உணர தர்மபுரி மாவட்டத்துக்குப் போக வேண்டும். சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் இருப்பவர்களும் கொல்லிமலைக்காரர்களைப் போல மலையாளிப் பழங்குடிகள். கேரளத்துக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை, மலையில் வாழ்பவர் என்பதே பொருள். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் ஊருக்குள் புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன. குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் 54 பேர் விசாரணை முடிவதற்குள் இறந்துபோக, எஞ்சிய 215 பேருக்கும் 2011இல் தண்டனை கிடைத்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அரசனின் மானுக்குப் பதில் அரசின் சந்தனம். 1217இன் சாசனம் மானுக்காக உயிரும் உறுப்பும் பறிபோகாது என்று உறுதி தந்தது. நம்மூர் ஃபாரஸ்ட் சட்டங்கள் கப்பலேறியபோது அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் வந்திருக்கின்றன.

நான் அன்று வாசலூர்பட்டிக்குப் போனது, திருத்திய படிவத்தைப் பெரியவரிடம் காட்ட. இந்தமுறை 'பாரஸ்ட்டு நிலம்' என்றே எழுதிக் கொடுத்திருந்தேன். அச்சுக்குப் போகும் வழியில் யாரோ அதை அடித்துவிட்டு 'வன நிலம்' ஆக்கியிருந்தார்கள், ஆங்கிலம் வேண்டாமென்று. காட்டிலிருந்து வந்து கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்தவர், தாளைத் தூரப் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"வனம்னா, சாமி இருக்கிற எடமா தம்பி?"

"இல்லீங்க. பாரஸ்ட்டு."

"அப்ப அப்டின்னே போட்டிருக்கலாமில்ல" என்று சொல்லிவிட்டு, எல்லைக்கல்லுக்கு அந்தப்பக்கம் எத்தனை வல்லம் சாமை விதைத்தோம் என்று மருமகளைக் கூப்பிட்டுக் கேட்க ஆரம்பித்தார்.